பெயரை மறைத்தவள்

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவில் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எடுப்பதற்கு முன்பு தலைவர் ஒரு கேள்வி கேட்பார். "இதுல யாருக்காவது சொந்தத் தொடர்பு இருக்கா? இருந்தா சொல்லிட்டு வெளியே உட்கார்ந்துக்கலாம்." கேட்கும்போதே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். நாங்களும் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே வடையை எடுப்போம். மனிதர்களை வைத்துச் செய்கிற எந்த ஆய்வும், ரத்தம் எடுப்பதானாலும் வெறும் பேச்சை எடுப்பதானாலும், எங்கள் குழு தலையசைக்காமல் தொடங்க முடியாது. அதில் சட்டம் தெரிந்த வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வெளியாள் நான்.

அன்றைக்கு அவளுடைய விண்ணப்பம் வந்தபோதும் தலைவர் அதே கேள்வியைக் கேட்டார். நானும் தலையை ஆட்டினேன். அது பச்சைப் பொய். அந்த ஒரு பொய்யைச் சொல்வதற்காகவே நான் அந்தக் குழுவில் சேர்ந்து, மாதா மாதம் போடியிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்த ஆறிப்போன வடையைத் தின்றுகொண்டிருந்தேன்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

என் அம்மா மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனவள். போடியில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். பெண்களை அடைத்துக்கொண்டு மலைப்பாதையில் மெட்டு ஏறி, கேரளத்து இடுக்கிப் பக்கத்துத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு முன்சீட்டுக்காரி உண்டு. டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருகிற பெண். அது சொகுசுக்காகக் கிடைக்கிற இடம் இல்லை. முதலில் ஏறுகிறவள் அவள். சந்து முனைக்குச் சந்து முனை தலையை வெளியே நீட்டி ஆள் கூப்பிடுகிறவள் அவள். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் விசேஷம், யாருக்குப் பதிலாக யார் வருகிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் எங்கள் பக்கத்தில் ஜீப்பை யாரும் நம்பரை வைத்துச் சொல்வதில்லை. முன்சீட்டில் இருக்கிற அக்காவின் பெயரைச் சொல்லி, அந்த அக்கா ஜீப்பு என்பார்கள். எங்கள் தெருவிலிருந்து கிளம்புகிற ஜீப்பு என் அம்மாவின் பெயரில்தான் ஓடியது. வண்டி வேறொருவனுடையது. பெயர் அம்மாவுடையது.

அந்த ஜீப்பின் பின்சீட்டில் ஒரு சீசன் முழுக்க நசுங்கிக்கொண்டு வந்தவள்தான் அந்த விண்ணப்பக்காரி. அப்போது ஆராய்ச்சி மாணவி. தோட்டத்தில் அடிக்கிற பூச்சிமருந்தும் பெண்களின் உடம்பும் என்பது அவளுடைய விஷயம். நன்றாகப் பழகினாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். அம்மாவின் தூக்குவாளியிலிருந்து அள்ளிச் சாப்பிட்டாள். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, அரிசி டிரம்மின் மூடிமேல் ரெக்கார்டரை வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்காருவாள். நான் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு வந்திருந்தேன். அவள் வந்ததும் அம்மா என்னை, "நீ போயி பால் வாங்கிட்டு வாத்தா" என்று கிளப்பிவிடுவாள். பால் வாங்கிக்கொண்டு திரும்பினாலும் பேச்சு முடிந்திருக்காது. எங்கள் வீட்டில் அவ்வளவு பேச்சு இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"உங்க பேரு எங்கயும் வராதுக்கா, நான் பொறுப்பு" என்று அவள் சொன்னது மட்டும் என் காதால் கேட்டது.

ஆய்வு முடிந்ததும் அதன் சாரத்தைச் சொன்னவர்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நல்ல வழக்கம் உண்டு. அவள் அதையும் விடவில்லை. அழகாக, எளிய தமிழில், ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கொண்டுவந்தாள். ஜீப்பு நிற்கிற இடத்தில் எல்லோர் கையிலும் கொடுத்தாள். டீக்கடையிலும் ஒரு கட்டு வைத்துவிட்டுப் போனாள். சொன்னபடியே எல்லோருடைய பெயரையும் மாற்றியிருந்தாள். என் அம்மாவுக்கு ஒரு பூவின் பெயர். அந்தப் பூவின் பெயருக்குப் பக்கத்திலேயே, "ஜீப்பின் முன்சீட்டில் அமர்ந்து தெருத்தெருவாகப் பெண்களைக் கூப்பிட்டுச் செல்லும் அக்கா" என்று எழுதியிருந்தாள். ரசித்துத்தான் எழுதியிருக்கிறாள். படிக்கிறவர்களுக்குக் காட்சி கண்ணில் நிற்க வேண்டும் இல்லையா? முகத்தைத் துணியால் மூடிவிட்டு நெற்றியில் விலாசத்தை ஒட்டிவைத்த மாதிரி இருந்தது.

டீக்கடையில் ஒருவன் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். மருந்து அடித்த ஈரம் காய்வதற்குள் பெண்களைச் செடிக்குள் இறக்கிவிடுகிறார்கள் என்று அந்த அக்கா சொல்லியிருந்தாள். ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை, தரையோரம் சரம் சரமாகப் படர்ந்து காய்க்கும். குனிந்து, இலைக்கு அடியில் நுழைந்துதான் எடுக்க வேண்டும். இலையில் இருக்கிற மருந்தெல்லாம் தலையிலும் முதுகிலும் சொட்டும். வாந்தி எடுத்தால் சூப்பர்வைசர், "மோரு குடி சேச்சி, சரியாகும்" என்பானாம். அப்படி ஒரு சீசனில் ஒரு பிள்ளையும், அடுத்த சீசனில் இன்னொன்றும் வயிற்றிலேயே போனது என்றும் அந்த அக்கா சொல்லியிருந்தாள்.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு முறை கரு தங்கிக் கலைந்தது என்பதை நான் அந்தப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். டீக்கடைக்காரனுக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. என்னிடம் சொல்லாததை என் அம்மா அவளிடம் சொல்லியிருக்கிறாள். அந்த எரிச்சல் இன்றைக்கும் போகவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் ஜீப்பு நிற்கவில்லை. அம்மா தூக்குவாளியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முன்சீட்டில் வேறொரு பெண் குனிந்த தலையை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள். டிரைவர்தான் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்டும். போகிற போக்கில் வேகத்தைக் கூடக் குறைக்காமல், "மொதலாளி வேணாம்னுட்டாருக்கா, எங்கிட்ட கேக்காத" என்று கத்திவிட்டுப் போனான். வேறு ஜீப்புகளில் கேட்டுப் பார்த்தாள். குரங்கணிப் பக்கம் போகிற வண்டிக்காரனிடமும் கேட்டாள். எல்லா ஏஜெண்டுகளும் ஒருவனுக்கொருவன் மாமன் மச்சான். ஒருவன் ஏற்றாத ஆளை இன்னொருவன் ஏற்றமாட்டான்.

கடைசியில் போடியிலேயே ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனாள். ஜன்னலை அடைத்த அறை, நாள் பூராவும் தூசி. மலைக்காற்றில் இருந்தவளுக்கு அங்கே இருமல் பிடித்தது, இன்னும் விடவில்லை. ஊரையே கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போனவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த தேவாரம் ஊர்க்காரர்கள், அந்தக் குடும்பத்தில் கரு தங்காதாமே என்று வராமல் நின்றுகொண்டார்கள். அந்த மாப்பிள்ளையின் போட்டோவை நான் பார்த்திருந்ததால், அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அந்தப் புத்தகத்துக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

அவள் திரும்பி வரவே இல்லை. டாக்டர் பட்டம் வாங்கினாள். வேலை கிடைத்தது. படிப்படியாக உயர்ந்து பேராசிரியர் ஆனாள். நான் வக்கீலானேன். ஒரு கட்சிக்காரர் விஷயமாக அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஒரு கதவில் அவள் பெயரைப் பார்த்தேன். பித்தளைப் பலகை, பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். அவள் பெயரை யாரும் பூவின் பெயராக மாற்றவில்லை. அங்கேயே நின்று முடிவு செய்தேன், இவளை ஒரு நாள் உட்காரவைத்துக் கேட்கிறேன் என்று. நெறிமுறைக் குழுவுக்கு வக்கீல் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் வலியப் போய் என் பெயரைக் கொடுத்தேன்.

வருஷக்கணக்கில் காத்திருந்தேன். சர்க்கரை நோயாளிகளின் சாப்பாடு, விடுதி மாணவர்களின் தூக்கம், செல்போனும் கழுத்துவலியும் என்று என்னென்னவோ வந்தன. ஒன்றையும் விடாமல் வரிக்கு வரி படித்துக் கேள்வி கேட்டேன். "மேடம் வந்தா டீ ஆறிடும்" என்று குழுவில் கேலி செய்வார்கள். கண்டிப்பானவள் என்று பெயர் எடுத்துக்கொண்டேன். நாளைக்கு ஒருத்தியின் கழுத்தைப் பிடிக்கும்போது யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதே.

கடைசியில் வந்தே வந்தது அவள் விண்ணப்பம். அதே மலை, அதே பூச்சிமருந்து. இந்த முறை தோட்டத்துக்குப் போகிற கர்ப்பிணிகளைப் பற்றி. அதை மறுபடி மறுபடி படித்தேன். கோபத்தில் மட்டும் என்று சொல்ல முடியாது, சந்தோஷமும் இருந்தது.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். முடி நரைத்திருந்தது, மற்றபடி அதே முகம். வணக்கம் சொல்லி உட்கார்ந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பால் வாங்கப் போன பெண்ணின் முகம் யாருக்கு நினைவிருக்கப் போகிறது?

"பெயரை மாத்திடுவேன்னு எழுதியிருக்கீங்க. சரி. இதுக்கு முன்னாடி இதே ஊர்ல செஞ்ச ஆய்வுல யாருக்காவது கெடுதல் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க மேடம். அப்படி எந்தப் புகாரும் வரலை."

"புகார் எங்க வரணும்?"

"கொடுத்த புத்தகத்தோட பின்னட்டையில எங்க துறை விலாசம் போட்டிருந்தோம்."

"விடியக்காலம் ஜீப்பு நிக்காமப் போனா, அந்தம்மா உங்க துறைக்குக் கடுதாசி எழுதணும். அப்படித்தானே?"

அவள் முகம் மாறியது. நான் விடவில்லை. முன்சீட்டு என்றால் எங்கள் ஊரில் என்ன என்று குழுவுக்கு விளக்கினேன். பெயரை மாற்றிவிட்டு இருக்கிற இடத்தை அப்படியே எழுதினால் யார் கண்டுபிடிக்க மாட்டான் என்று கேட்டேன். ஒரு பெண் பிழைப்பை இழந்தாள், அவள் வயிற்றுக்குள் நடந்தது டீக்கடைப் பேச்சானது என்று சொன்னேன். என் அம்மா என்று மட்டும் சொல்லவில்லை. அறையில் ஒருவரும் வடையைத் தொடவில்லை.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மூக்கும் தாடையும் அம்மாவுடையவை. கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை தலைவரிடம் சொல்லியிருந்தால் நான் வெளியே போயிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைகூட எனக்குப் பிடிக்கவில்லை.

"அந்த அக்கா இப்ப எப்படி இருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இதைக் கேக்க உங்களுக்கு இப்பத்தான் நேரம் கிடைச்சுதா?" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை வெளியே அனுப்பிய பிறகு குழுவிலிருந்த டாக்டர், "விஷயம் முக்கியமானதும்மா. திருத்தி அனுப்பச் சொல்லலாமே" என்று இழுத்தார். நான் கோர்ட்டுக் குரலை எடுத்தேன். பட்டவர்களுக்கு என்ன ஆனது என்று திரும்பிக்கூடப் பார்க்காத ஆளுக்கு அதே ஊரில் இன்னொரு வாய்ப்பா என்று மேசையைத் தட்டினேன். நிராகரித்தார்கள். அடியோடு நிராகரித்தார்கள்.

வராந்தாவில் அவளைக் கடந்துதான் வந்தேன். ஒரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். நிற்காமல் வந்துவிட்டேன். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். போடியில் இறங்கி அம்மாவுக்குக் காராச்சேவு வாங்கினேன்.

அம்மா அப்போதுதான் கிட்டங்கியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் நடித்தே காட்டினேன். அவள் முகம் துண்டுக்குள் இருந்தது.

"அவ எதுக்கு வாராளாம் இப்ப?" என்றாள்.

"மருந்து அடிக்கிறதப் பத்தித்தான்மா. மறுபடியும்."

"இன்னமும் ஈரத்துலதான் எறக்குறானுகளா?"

"ஆமா."

"அதே சூப்பர்வைசரா?"

"அவன் இப்ப மேனேஜராம்."

அம்மா துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "அப்ப அவள நிப்பாட்டுனது யாருக்கு லாபம்? எனக்கா, அவனுக்கா?"

"அவளாலதானம்மா உனக்கு இந்த நெலம?" என்று கேட்டேன்.

"அவ கூறு கெட்டவ. எழுதத் தெரியாம எழுதிப்புட்டா. அவ மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லல. ஆனா ஜீப்ப நிப்பாட்டாமப் போனவன் அவ இல்ல. மோரு குடின்னவன் அவ இல்ல. இத்தன வருசமா கிட்டங்கியில ஏலக்காயப் பிரிச்சுக்கிட்டு மனசுக்குள்ள நான் யாரக் கருவிக்கிட்டு இருக்கேன்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. அவள் சாதுவாகிவிட்டாள் என்று நினைத்திருந்தேன். அவள் என்னைவிடக் கடுமையாகப் பழியை வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "பிள்ளைக போனத என்கிட்ட ஏன் சொல்லல? அவகிட்ட மட்டும் எதுக்குச் சொன்ன?"

"ஒன்கிட்டச் சொன்னா நீ அழுவ. அவகிட்டச் சொன்னா எழுதுவா" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "வக்கீலுக்குப் படிச்ச. இம்புட்டு வருசத்துல ஒரு நா, ஒரே ஒரு நா, ஒனக்கு யாரு மேலம்மா கேசு போடணும்னு என்னயக் கேட்டியா? அன்னைக்கு நான் பேசக் கூடாதுன்னு அவனுக நிப்பாட்டுனானுக. இன்னைக்கு என் பேரச் சொல்லி நீ நிப்பாட்டிட்டு, காராச்சேவு வேற வாங்கிட்டு வந்திருக்க."

பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை.

மறுநாள் காலையில் தலைவருக்குப் போன் செய்தேன். அந்த அக்கா என் அம்மா, கேட்டபோது மறைத்தேன் என்றேன். "நீங்களா மேடம்?" என்றார். ராஜினாமா எழுதி அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். நான் இல்லாத குழு விண்ணப்பத்தை மறுபடி எடுத்துக்கொண்டது. உட்காருகிற இடம், தெரு, ஜீப்பு எல்லாவற்றையும் மறைக்க வேண்டும், புத்தகம் போடுமுன் சொன்னவர்களிடமே படித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகும் வந்து அவர்களைப் பார்க்க வேண்டும் என்று நிபந்தனைகள் போட்டு அனுமதி கொடுத்தார்கள். அன்றைக்கு நான் அடுக்கிய குற்றங்களிலிருந்து எடுத்த நிபந்தனைகள்தான். அதில் எனக்கு ஒரு அற்ப திருப்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்று, "அக்கா, எனக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சுக்க நான் வரவும் இல்ல" என்று சொல்லி அழுதாள். நான் கதவோரம் நின்று அவள் அழுவதை நன்றாகப் பார்த்தேன். எனக்கு மனம் இளகவில்லை, இளக வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"அழுதது போதும், உள்ள வா. சோலி கெடக்கு" என்றாள் அம்மா.

அவள் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்மதத் தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். "உங்க பேரோ, தோட்டத்துப் பேரோ, யாரோட பேரும் எங்கயும் வராதுக்கா."

"வரணும்" என்றாள் அம்மா.

"அக்கா, விதி அப்படி. பேரப் போட்டா உங்களுக்குத்தான் ஆபத்து."

"எங்கிட்ட இனி பிடுங்க என்ன இருக்கு?" அம்மா இருமி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "நீ ஒன் விதிப்படி எழுது தாயி, ஒனக்குத் தெரிஞ்சத எழுது. இப்ப மலைக்குப் போற பிள்ளைகள நல்லா மறச்சு எழுது. என்னய மறைக்க வேணாம். என் கதய எழுத எனக்கு வக்கீல் இருக்கா. கேசு நடக்கயில நீ வந்து கூண்டுல ஏறி, நான் சொன்னதக் கேட்டேன்னு சொல்லணும். சொல்லுவியா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "சொல்றேன்க்கா" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்து, தாளையும் பேனாவையும் எடு என்று கையைக் காட்டினாள். தோட்டத்தின் பெயர், மேனேஜரின் பெயர், ஜீப்புக்காரனின் பெயர், எல்லாவற்றையும் அவள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது அவள் உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது. நான் தரையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். யார் பெயரிலிருந்து தொடங்கலாம் என்று முதல் முறையாக அவளைக் கேட்டேன்.

"எம்பேர்ல இருந்து" என்றாள்.